சட்டைப் பையில் கிடைத்த மாத்திரையை எங்கே கொண்டு போவது?

புதுச்சேரி சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்களில் சிலர் என் கடையைத் தாண்டித்தான் பேரவைக்குப் போகிறீர்கள். ஒன்றிரண்டு பேர் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரையும் இங்கிருந்துதான் போகிறது. எனவே யாரோ ஊர் பேர் தெரியாதவன் எழுதிய மனு என்று ஓரமாக வைத்துவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பேரவை கூடும்போதெல்லாம் போதைப்பொருள் பற்றிப் பேச்சு வருகிறது. எதிர்வரிசையில் இருப்பவர் எழுந்து ஊரே கெட்டுவிட்டது என்கிறார். அமைச்சர் எழுந்து எத்தனை வழக்கு, எத்தனை கைது, எத்தனை கிலோ கஞ்சா என்று படிக்கிறார். கட்சிகள் வரிசை மாறினால் வசனமும் கூடவே மாறி உட்கார்ந்துகொள்கிறது. நான் கேட்டவரை ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. பிடிபட்ட அந்த மாத்திரைக்குள், அந்தப் பொட்டலத்துக்குள் உண்மையில் என்ன இருந்தது? அதைத் தெரிந்துகொண்ட பிறகு யாரிடம் சொன்னீர்கள்?

இந்தக் கேள்வி என் மண்டையில் உட்கார்ந்ததற்குக் காரணம் ஓர் அம்மா. மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். சின்ன ஜிப் கவர். உள்ளே இரண்டு மாத்திரை, அதில் ஒன்று பாதி உடைந்தது. வெளிறிய பச்சை நிறம். பட்டை இல்லை, பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை. ஒரு பக்கம் ஏதோ சின்னம் அழுத்தியிருந்தது, என்னவென்று தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. கவரின் அடியில் பச்சைத் தூள் உதிர்ந்து கிடந்தது.

"பையன் சட்டையைத் துவைக்கப் போடும்போது இருந்துச்சு தம்பி. என்ன மாத்திரைன்னு பாத்துச் சொல்லு."

பட்டையில் இருந்தால் இருட்டில்கூட இன்ன மாத்திரை என்று சொல்லிவிடுவேன், அது தொழில். இது கம்பெனி மாத்திரை இல்லை, ஏதோ கை இயந்திரத்தில் அழுத்தியது, அதனால்தான் இப்படி உதிர்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். "அப்போ இத யாருகிட்டக் காட்டணும்?" என்றார். யோசித்துப் பாருங்கள். காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னால் பெற்ற மகனைப் பிடித்துக் கொடு என்று அர்த்தம். தனியார் ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், மாத்திரையை வாங்க மாட்டார்கள். அரசு மருத்துவமனை வெளிநோயாளிச் சீட்டில் மகனைக் கூட்டி வா என்பார்கள். அவன் வர மாட்டான். "நீயே வச்சுக்க, யாரையாச்சும் கேட்டுச் சொல்லு" என்றார். அதை நான் வாங்கி இழுப்பறைக்குள் போட்ட நிமிடம் சட்டப்படி அது என் கைவசம் இருக்கும் போதைப்பொருள். கடைசியில் அவரே எடுத்துக்கொண்டு போனார். கழிப்பறையில் கொட்டியிருப்பார்.

இந்த ஊரில் அந்த அம்மாவுக்கு ஒரு கதவுகூட இல்லை. என் மடல் அந்தக் கதவைப் பற்றியது.

சில நாடுகளில் அப்படி ஒரு கதவு இருக்கிறது. மாத்திரைப் பரிசோதனை என்கிறார்கள். நெதர்லாந்தில் 1992 முதல் அரசுப் பணத்திலேயே நடந்து வருகிறது. 18 வயது நிரம்பியவர் தன்னிடம் இருக்கும் மாத்திரையைப் போதை சிகிச்சை நிலையத்தின் அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாம். பெயர் கேட்க மாட்டார்கள். குண்டூசி முனையளவு சுரண்டி அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் அதில் உள்ள முக்கியப் பொருள் தெரிந்துவிடும். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கருவியின் பெயரை, எஃப்.டி.ஐ.ஆர். என்று சொல்லிப் பாருங்கள், ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதை அது தவறவிடும்; அதற்குப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். முடிவைச் சொல்பவர் எந்தக் கட்டத்திலும் "இது பாதுகாப்பானது, சாப்பிடு" என்று சொல்வதில்லை. இதில் இருப்பது இன்னது, இவ்வளவு, இது உடம்பை இப்படிச் செய்யும், சாப்பிடாமல் இருப்பதே நல்லது என்று உட்காரவைத்துப் பேசுவார்கள். கொல்லக்கூடியது என்று தெரிந்தால் உடனே ஊருக்கு எச்சரிக்கை போகும்.

அந்த எச்சரிக்கைதான் இதில் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். 2014 டிசம்பரில் நெதர்லாந்தில் ஒருவர் கொடுத்த மாத்திரை. மேலே சூப்பர்மேன் சின்னம். எக்ஸ்டசி என்ற பெயரில் ஓடும் எம்.டி.எம்.ஏ. போதைப்பொருள் என்று சொல்லி விற்றது. சோதித்தால் உள்ளே இருந்தது பி.எம்.எம்.ஏ. என்ற வேறு சரக்கு, அதுவும் மிக அதிக அளவில். பி.எம்.எம்.ஏ.யின் குணம் என்னவென்றால் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றைப் போடுவார்கள். அதற்குள் உடம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். நெதர்லாந்தில் உடனே எச்சரித்தார்கள். கடல் தாண்டி இங்கிலாந்தில் அந்தச் செய்தி மக்களிடம் போய்ச் சேரவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அதே சின்னம் போட்ட மாத்திரையைத் தின்று அங்கே நான்கு பேர் செத்தார்கள். இரண்டு நாட்டிலும் சட்டப்படி அந்த மாத்திரை குற்றம்தான். மாத்திரைக்குள் இருப்பது என்னவென்று ஒரு நாட்டு மக்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் 2018-ல் கான்பெரா நகரத்து இசைவிழா ஒன்றில் முதன்முதலாகக் கூடாரம் போட்டார்கள். மறுவருடமும் அதே விழாவில் நடந்தது. 234 பேர் வந்தார்கள், 171 மாதிரிகள் சோதித்தார்கள். ஏழில் என்-எத்தில்பென்டிலோன் என்ற ஆபத்தான பொருள் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் அங்கேயே வைத்திருந்த கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். நியூசிலாந்து 2021-ல் இதற்கென்று நிரந்தரச் சட்டமே கொண்டு வந்தது.

சரி, இதற்கு எதிர்ப்பே இல்லையா என்றால், பலமாக இருக்கிறது. இருதரப்பையும் சொல்லாமல் உங்களிடம் ஆதரவு கேட்பது முறையாகாது. அதே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2024-ல் நிலையான சோதனை மையம் திறந்தார்கள், ஆட்சி மாறியது, 2025-ல் தடையே போட்டுவிட்டார்கள். அரசே சோதித்துக் கொடுத்தால் பிள்ளைகள் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம். இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இசைவிழாக்களில் செத்த ஆறு பேரைப் பற்றி 2019-ல் மரண விசாரணை நடந்தது. எல்லோரும் 18 முதல் 23 வயதுக்குள். ஆறு பேர் சாவிலும் எம்.டி.எம்.ஏ. இருந்தது. அதாவது கலப்படம் கொல்லவில்லை, கேட்டு வாங்கிய சரக்கே கொன்றது. சோதனை செய்திருந்தாலும் "ஆமாம், இது எம்.டி.எம்.ஏ.தான்" என்றுதானே வந்திருக்கும்? பிறகு யாரைக் காப்பாற்றியிருக்கும்?

நியாயமான கேள்வி. ஆனால் அந்த விசாரணையை முழுக்கக் கேட்ட அதிகாரியே முடிவில் மாத்திரைப் பரிசோதனையைக் கொண்டுவரப் பரிந்துரைத்தார். இறந்தவர்களில் ஒரு 19 வயதுப் பெண், வாயிலில் போலீஸ் சோதனை செய்யுமே என்ற பயத்தில் வைத்திருந்ததை எல்லாம் உள்ளே போகுமுன்பே ஒரேயடியாக விழுங்கியிருந்தார். இவ்வளவு வீரியம் உள்ள மாத்திரை, ஒன்றுக்கு மேல் போடாதே, கூட்டத்தில் வெயிலில் ஆடாதே, தலை சுற்றினால் உடனே சிவிலியன் உடையில் இருக்கும் இந்த ஆளிடம் வா என்று யாராவது அவரிடம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கேள்வி. அந்த மாநில அரசு அப்போது மறுத்தது. 2025-ல் அதே மாநிலம் இசைவிழாக்களில் சோதனை முயற்சியைத் தொடங்கியது.

ஊக்குவிப்பு என்ற வாதத்துக்கு என் அனுபவத்தில் இருந்து ஒன்று சொல்வேன். என் கடைக்கு முன்னால் வண்டியை அணைக்காமல் நிறுத்திவிட்டு வரும் பையன் அரசின் அனுமதிக்காகக் காத்திருப்பவன் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வீராம்பட்டினம் கடற்கரையிலும் சுண்ணாம்பாற்றங்கரையிலும் புத்தாண்டுக்குக் கூடாரம் போட்டு மாத்திரை சோதியுங்கள் என்று கேட்கப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. நெதர்லாந்திலேயே இப்போது அது விழா மைதானத்தில் நடப்பதில்லை, அலுவலகத்தில்தான் நடக்கிறது. தவிரவும், வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கூட்டத்தின் கையில் இருப்பது வேறு. நம் பாகூர்ப் பையனும் வில்லியனூர்ப் பையனும் எடுப்பது வேறு. ஆஸ்திரேலியாவின் தீர்வை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டால் இங்கே வேர் பிடிக்காது.

நம் பிள்ளைகளிடம் ஓடுவது என்ன? பள்ளிப் பிள்ளைகளிடம் உதட்டுக்குள் அதக்கும் புகையிலை, கூல் லிப், ஹான்ஸ். இன்னும் சின்னதுகளிடம் பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர். 2019-ல் நடுவண் அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த நாடளாவிய கணக்கில், முகர்ந்து ஏற்றும் போதை ஒன்றில்தான் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் விகிதம் அதிகம்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினரில் 1.17. இதைப் பேரவையில் யாராவது பேசினீர்களா தெரியாது. பசைக்கு வழக்கும் இல்லை, கிலோ கணக்கும் இல்லை, அதனால் அமைச்சர் படிக்கும் பட்டியலில் வராது. அப்புறம் கஞ்சா. அப்புறம் என் வயிற்றெரிச்சல், வலி மாத்திரை.

டிரமடால் என்ற வலி மாத்திரையை நடுவண் அரசு 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நல்லதுதான். கொஞ்ச நாளில் என் கடைக்கு வந்து கேட்கும் பெயர் மாறியது: டேபென்டடால். "பாட்டிக்கு முதுகு வலி" என்பான். பாட்டி பெயர் கேட்டால் முழிப்பான். சீட்டு இல்லாமல் நான் தருவதில்லை, ஆனால் இன்றைக்கு அவனுக்கு நான் தேவையே இல்லை. போனில் ஆர்டர் போட்டால் வெளிமாநிலத்திலிருந்து கூரியரில் வந்துவிடுகிறது. இந்த மாத்திரையைக் காரிசோப்ரடோல் என்ற தசைத் தளர்த்தி மருந்துடன் கலந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ததற்கு 2025 பிப்ரவரியில் நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை போட்டது நினைவிருக்கலாம். அங்கே வீதியில் விற்று இளைஞர்களை அழித்த சரக்கு நம் தொழிற்சாலைகளில் இருந்து போனது.

இதில் என்ன இருக்கிறது என்று சோதிக்கத் தேவையே இல்லை, பட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் பையன்கள் அதை விழுங்குவதில்லை. நுணுக்கித் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான். மீதி எல்லாம் அதைக் கட்டிப்பிடித்து வைக்கும் மாவுப்பொருள், செல்லுலோஸ், டால்க். வயிற்றுக்குள் போனால் தொல்லை இல்லை. நரம்பில் ஏற்றினால் கரையாமல் நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் போய் அடைக்கும். போட்ட இடத்தில் சீழ் வைக்கும். தவறி தமனியில் இறங்கினால் விரல் கறுத்து எடுக்க வேண்டி வரும். கூடவே சரக்கும் அடித்திருந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். இதை ஒரு பையனிடம் பொறுமையாகச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "மாத்திரைதானே அண்ணே, கம்பெனி சரக்கு, கலப்படம் இருக்காதுன்னு நெனச்சோம்" என்றான். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அது வரைக்கும் அவனிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. ஜூன் 26-ஆம் தேதி காந்தி சிலைக்கு முன்னால் மனிதச் சங்கிலியில் கைகோத்து நின்று உறுதிமொழி எடுத்தவன்தான் அவனும். அந்த உறுதிமொழியில் டால்க் பற்றி ஒரு வரி இருக்காது.

ஊசிக்கும் வருகிறார்கள். இன்சுலின் ஊசி கேட்பார்கள். தர மாட்டேன் என்று விரட்டலாம். என் தொழில்காரர்கள் பலர் விரட்டுகிறார்கள், கடையின் பேர் கெட்டுவிடும் என்று. விரட்டினால் மூன்று பேர் ஒரே ஊசியில் போட்டுக்கொள்வார்கள், எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலை சி-யும் ஓடும். நான் கொடுக்கிறேன். சங்கக் கூட்டத்தில் இதற்காக வசவு வாங்கியிருக்கிறேன். ஆனால் இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நம் நடுவண் அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டத்தையும், ஹெராயினுக்குப் பதில் புப்ரெனார்ஃபின் கொடுக்கும் சிகிச்சையையும் ஆண்டுக்கணக்காக நடத்தி வருகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 22-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தொற்று அபாயத்தைக் குறைப்பதற்காகச் செய்யும் ஏற்பாடுகளை வேறு எந்தச் சட்டத்தைக் காட்டியும் தடுக்கக் கூடாது, அது குற்றமாகாது என்கிறது. போதைக்காரனுக்கு ஊசி கொடுத்தால் ஊக்குவிப்பு என்ற வாதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஆக, அபாயத்தைக் குறைப்பது என்பது ஏதோ வெள்ளைக்காரன் பண்பாடு என்று யாராவது பேரவையில் பேசினால் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் நமக்குப் புதிதில்லை. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் சாவது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். குடித்தால் சாராயம் போலவே இருக்கும், நிறத்தாலும் வாசனையாலும் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண், அப்புறம் உயிர். நம் ஜிப்மருக்கு ஆம்புலன்ஸ் வரிசையாக வந்த நாட்கள் அவை. கோரிமேட்டில் நின்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது காரணம் சாராயம்தான் என்று அதிகாரிகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதையே குடித்தார்கள் என்று செய்தி வந்தது. முதல் ஆள் செத்த சில மணி நேரத்தில் "இந்தப் பாக்கெட்டில் விஷம், தொடாதே" என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கி வைத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? பிறகு தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். தண்டனை தேவைதான். ஆனால் அடுத்த பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதைத் தண்டனை சொல்லாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். "போதைப்பொருள் சட்டம் 1985-ஆம் ஆண்டு நடுவண் சட்டம், எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்பீர்கள். பாதி உண்மை. அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு போதைப்பொருளைக் கையில் வைத்திருப்பதைத் தடை செய்கிறது; மருத்துவ, அறிவியல் நோக்கத்துக்கு, விதிகளின்படி என்றால் விலக்கு உண்டு. 27-ஆம் பிரிவு உட்கொள்வதையே குற்றமாக்குகிறது: கோகைன், மார்ஃபின், ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை, மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை. ஆனால் 64ஏ பிரிவு, சிகிச்சைக்குத் தானே முன்வருகிற அடிமைப்பட்டவனை, சிறிய அளவு வழக்குகளில், விடுவிக்கிறது. 71-ஆம் பிரிவு அடிமைப்பட்டவர்களைக் கண்டறியவும் சிகிச்சை கொடுக்கவும் மையங்கள் அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. வெளியிலிருந்து யாரும் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டியிருக்கும். அதற்கு நீங்கள் தீர்மானம் போட்டு எழுத வேண்டும், ஜிப்மரும் டெல்லியின் கீழ்தான் இருக்கிறது என்பதால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்கலாம்.

ஆனால் அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. போலீஸ் பிடிக்கும் மாத்திரை எல்லாம் வழக்குக்காக எப்படியும் தடய ஆய்வுக்குப் போகிறது. என்ன பொருள் என்று அறிக்கை வருகிறது. அந்த அறிக்கை நீதிமன்றக் கட்டில் தூங்குகிறது. அதில் ஒரு பிரதி, குற்றவாளி பெயர் எல்லாம் தேவையில்லை, நிறம், சின்னம், உள்ளே இருந்த பொருள் மட்டும், சுகாதாரத் துறைக்கு அன்றே போகட்டும். அவசர சிகிச்சைக்கு வருகிறவன் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதும் அப்படியே. புதிதாக ஏதாவது தென்பட்டால் சுகாதாரத் துறை ஒரு படத்தோடு வாட்ஸ்அப்பில் விடட்டும். எங்களைப் போன்ற மருந்துக்கடைகள், கல்லூரி விடுதிக் காப்பாளர்கள், 108 ஓட்டுநர்கள், ரெஸ்டோ பார் வாசலில் நிற்கும் பவுன்சர்கள் வரை போய்ச் சேரட்டும். புயல் வந்தால் ஏற்றுகிற கூண்டு எண் மாதிரி, மீனவன் நம்புகிற மாதிரி, அதில் அறிவுரை கலக்காமல் தகவல் மட்டும் இருக்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கமும் போக வேண்டும். கன்னியக்கோவில், முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம். பையன்களுக்கு அந்த எல்லை சரக்கு விலை மாறும் இடம் மட்டும்தான். தேவனாம்பட்டினத்தில் விழுந்தவனும் கடைசியில் பல நேரம் ஜிப்மருக்குத்தான் வருகிறான். கடலூர் மாவட்ட நிர்வாகத்தோடு தகவல் பகிர்வதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம், ஒரு தொலைபேசி எண் போதும்.

இன்னொன்று, நண்பர்கள். கூட்டமாகப் போட்டவர்களில் ஒருவன் மயங்கினால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியரையும் கேளுங்கள். வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறார்கள். என்ன போட்டான், எத்தனை போட்டான், எப்போது போட்டான் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த மூன்று பதிலும் இருந்து, போட்டது இந்த வலி மாத்திரை என்று தெரிந்தால் மருத்துவர் நேராக அதை முறிக்கும் மருந்தான நலாக்சோனை எடுப்பார். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அவர்கள் ஓடுவது கெட்டவர்கள் என்பதால் இல்லை. போலீஸ் கேஸ் ஆகும் என்று தெரியும், அவ்வளவுதான். சாலை விபத்தில் அடிபட்டவனைத் தூக்கிவருபவனை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லி, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று எழுதியும் வைத்துவிட்டோம். முன்பெல்லாம் அடிபட்டவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த ஊர் இப்போது தூக்குகிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-ல் அளவு மீறிய போதைக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்தது, பிறகு பெரும்பாலான மாநிலங்கள் கொடுத்துவிட்டன. நண்பனைக் காப்பாற்ற வந்தவன்மேல் அவன் உட்கொண்டதற்காக வழக்குப் போட மாட்டோம் என்று நம் காவல்துறைத் தலைமை ஒரு சுற்றறிக்கை விடட்டும். விற்றவனை விட வேண்டாம். வாசலில் இறக்கிவிட்டவன் உள்ளே வந்து உட்காரட்டும். 108 வண்டிகளில் நலாக்சோன் இருக்கிறதா என்றும் அப்படியே கேட்டுச் சொல்லுங்கள்.

பள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும். போதையால் அழிந்தவன் எலும்புக்கூடு படம் போட்ட சுவரொட்டிகளை நிறுத்திவிட்டு 14446, 14416 என்ற இரண்டு எண்களைப் பெரிதாக எழுதுங்கள். முதலாவது போதை மீட்புக்கான நடுவண் அரசின் இலவச எண், இரண்டாவது மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ். கூப்பிட்டால் எடுக்கிறார்களா என்று நீங்களே ஒரு ராத்திரி கூப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் போதை ஒழிந்துவிடும் என்று சொல்ல நான் அரசியல்வாதி இல்லை. மன்னிக்கவும், உங்களைச் சொல்லவில்லை. விற்பவனைப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூரியர் வழியாக வரும் வலி மாத்திரையைத் தடுக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஆட்கள் வேண்டும் என்று தனியாக ஒரு மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், அது வேறு கதை. பிடிப்பது உங்கள் ஒரு கை. மற்றக் கை சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் குறை.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் யாராவது ஒருவர், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, கேள்வி நேரத்தில் இதைக் கேளுங்கள்: கடந்த ஆண்டு புதுச்சேரியில் பிடிபட்ட மாத்திரைகளில் எத்தனை ஆய்வுக்குப் போயின, அவற்றில் சொன்ன பொருளே இருந்தவை எத்தனை, வேறு பொருள் இருந்தவை எத்தனை, அந்த அறிக்கையில் எத்தனை சுகாதாரத் துறைக்கு வந்தன, எத்தனை நாளில்? அமைச்சர் பதிலைப் படிக்கும்போது நான் கடையில் இருப்பேன். அந்த எண்கள் எதுவாக இருந்தாலும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள், கண்ணாடிமேல் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கடலூர் சாலை மருந்துக்கடைக்காரன்,
முதலியார்பேட்டை